புயல் வருமா, வராதா?

ஐப்பசி மாதம் பிறந்துவிட்டால் சென்னைப் பட்டணத்தில் ஒவ்வொரு வீடும் ஒரு வானிலை ஆராய்ச்சி நிலையமாக மாறிவிடுகிறது. நமது வீடும் இந்தப் பொது விதிக்கு விலக்கல்ல. நமது நிலையத்தில் நான்கு நிபுணர்கள் இருக்கிறார்கள்.

முதலாவது நிபுணர் நமது தாயார். எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரில் ஏறுகின்றனவா, தட்டான் தாழப் பறக்கிறதா, தமது முழங்காலில் வலி கண்டிருக்கிறதா என்ற மூன்று சாட்சியங்களையும் விசாரித்து அவர் தீர்ப்பளிப்பார். இரண்டாவது நிபுணர் நமது குமாரன். அவன் வானத்தைப் பார்ப்பதே கிடையாது. கைப்பேசியில் ராடார் படத்தைப் பார்த்து, "இன்னும் இருபது நிமிஷத்தில் மயிலாப்பூரில் மழை" என்பான். மூன்றாவது நிபுணர் வீட்டு எஜமானி. மொட்டை மாடிக் கொடியில் கிடக்கும் துணிகளே அவருடைய கருவி. அவர் துணியை எடுத்து வந்துவிட்டால் வெயில் காயும். எடுக்காமல் விட்டால் மழை கொட்டும். இந்தக் கருவி இதுவரையில் பொய்த்ததேயில்லை. நான்காவது நிபுணர் நாம்தான். நமக்குக் கருவி எதுவும் கிடையாது. அபிப்பிராயம் மாத்திரம் உண்டு.

நமது அபிப்பிராயம் வெகுகாலம் வரையில் இதுவாக இருந்தது: வானிலை அறிக்கை என்பது பஞ்சாங்கத்தைவிடச் சற்று நீளமானது, அவ்வளவுதான். புயல் என்பார்கள், வராது. மழை என்பார்கள், வெயில் கொளுத்தும். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்ட தினத்தில்தான் பிள்ளைகள் வீதியில் கிரிக்கெட் ஆடுவார்கள். இந்த ஹாஸ்யத்தைச் சொல்லாத சென்னைவாசி கிடையாது. நாமும் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பு எங்கே கொண்டு போய் விட்டது என்பதைப் பின்னால் சொல்லுகிறோம்.

2024-ஆம் வருஷத்துக் கார்த்திகையில் நடந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வங்காள விரிகுடாவில் ஒரு தாழ்வு மண்டலம் உண்டாயிற்று. அது புயலாகும் என்று முதலில் அறிவித்தார்கள். இரண்டு நாள் கழித்து, ஆகாது போலிருக்கிறது என்றார்கள். நவம்பர் 29-ஆம் தேதி மத்தியானத்துக்கு மேல், ஆகிவிட்டது என்றார்கள். சவூதி அரேபியா கொடுத்திருந்த "ஃபெஞ்சல்" என்ற பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகில் அது கரையைக் கடந்தது. கரை ஏறிய புயல் போய்விடும் என்பதுதானே நமது நம்பிக்கை? அதுவோ, திண்ணையில் உட்கார்ந்துவிட்ட விருந்தாளியைப் போல் அங்கேயே மணிக்கணக்காக நின்றுவிட்டது. விழுப்புரம் ஜில்லா மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் மழை. பிறகு மெதுவாக மேற்கே நகர்ந்து, கடலையே காணாத ஊத்தங்கரையிலும் அவ்வளவு மழையைக் கொட்டிற்று. திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு உயிர்கள் மாண்டன.

"பார்த்தீர்களா? இரண்டு தடவை மாற்றிச் சொன்னார்கள்" என்று அப்போது பலரும் பரிகாசம் செய்தார்கள். மாற்றிச் சொன்னது மெய்தான். ஆனால் மாறியது எது என்று சற்று யோசிக்க வேண்டும்.

புயல் என்பது எங்கோ தயாராக இருந்து, வண்டி ஏறி நம்மிடம் வருகிற வஸ்துவல்ல. வழி நெடுக அது உண்டாகிக்கொண்டும் கலைந்துகொண்டும் வருகிறது. அதற்கு ஆகாரம் கடலின் வெப்பம். கடல் நீர் ஏறக்குறைய 27 டிகிரிக்குக் குறையாமல் சூடாக இருந்தால், ஈரக்காற்று மேலே எழும்பிக் குளிர்ந்து மேகமாகிறது. அப்போது வெளிப்படும் உஷ்ணம் இன்னும் காற்றை மேலே இழுக்கிறது. கீழே அழுத்தம் குறைகிறது. நாலா பக்கத்துக் காற்றும் அந்தப் பள்ளத்தை நோக்கி ஓடி வந்து, பூமியின் சுழற்சியினால் இடமாகச் சுழலுகிறது. இத்தனையும் சரிவர நடந்துகொண்டிருக்கும்போதே, மேல்வானத்துக் காற்று வேறு திக்கில் பலமாக வீசினால் புயலின் தலை ஒரு பக்கமும் உடல் ஒரு பக்கமுமாய்ப் போய்விடும். உலர்ந்த காற்று உள்ளே புகுந்தால் அடுப்பில் தண்ணீர் தெளித்த கதைதான். ஆகவே, இன்று காலையில் சொன்னது நாளைக் காலையில் மாறுவதற்குக் காரணம் உண்டு. வைத்தியர் காலையில் நாடி பார்த்துச் சொன்னதை மாலையில் மாற்றிச் சொன்னால் நாம் அவரைப் பொய்யர் என்கிறோமா? நோயாளியை விடாமல் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் திருப்தி அடைகிறோம்.

வானிலைக்காரர்களின் பாஷையையும் நாம் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை. காற்றின் வேகம் மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரையில் இருந்தால் அது தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரையில் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐ எட்டினால்தான் புயல் என்ற பட்டமும் பெயரும் கிடைக்கும். 61-க்கும் 62-க்கும் நடுவே உள்ள கோடு கடலிலும் கிடையாது, ஆகாயத்திலும் கிடையாது, காகிதத்தில்தான் இருக்கிறது. அதேபோல், "ஓரிரு இடங்களில் கன மழை" என்றால், அந்தப் பிரதேசத்து மழைமானி நிலையங்களில் நாலில் ஒரு பங்குக்கு மேற்படாதவற்றில் அப்படிப் பெய்யும் என்று பொருள். நமது தெரு அந்த ஓரிரு இடங்களில் சேராமற்போனால் அறிக்கை பொய்யாகிவிடாது.

இத்தனை சொல்லியும் "இந்த அறிக்கைகளால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்பவர்களை நாம் ஒரிஸ்ஸா தேசத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். 1999 அக்டோபர் 29-ல் அங்கே வீசிய பெரும் புயலில் மாண்டவர்கள் ஏறக்குறைய பத்தாயிரம் பேர். 2013 அக்டோபர் 12-ல் "ஃபைலின்" என்ற கடும் புயல் அதே கடற்கரையைத் தாக்கிற்று. முன்கூட்டியே எச்சரித்து, ஏறக்குறைய பத்து லட்சம் ஜனங்களை அப்புறப்படுத்தியிருந்தார்கள். மாண்டவர்கள் ஐம்பது பேருக்கும் குறைவு. வீடுகள் போயின, பயிர் போயிற்று, ஜனங்கள் இருந்தார்கள்.

எச்சரிக்கை எட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் இருக்கிறது. 2017 நவம்பர் 29-ல் தெற்கே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே கன்னியாகுமரிக்கு அருகில் "ஒக்கி"ப் புயலாகிவிட்டது. நாட்கணக்கில் தங்கி மீன் பிடிக்கிறவர்கள் அதற்கு முன்னரே ஆழ்கடலுக்குப் போய்விட்டிருந்தார்கள். கரையில் ஏற்றிய கொடி அவர்கள் கண்ணில் படாது. குமரி ஜில்லாவிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பி வரவில்லை. அந்தக் கடற்கரைக் கிராமங்களில் கார்த்திகை மாதக் கருக்கலைப் பார்க்கும் பெண்களுக்கு வானிலை என்பது ஹாஸ்யத்துக்குரிய விஷயமாக இராது.

இனி, நமது சொந்தச் சமாசாரத்துக்கு வருவோம்.

2015-ஆம் வருஷம் டிசம்பர் 1-ஆம் தேதி. நவம்பர் மாதம் முழுவதும் மழை கொட்டித் தீர்த்து, பட்டணத்தைச் சுற்றியுள்ள ஏரிகளெல்லாம் தளும்பிக்கொண்டிருந்தன. நமது வீட்டில் வேலை செய்யும் அம்மாள் அடையாற்றங்கரையில் குடியிருப்பவர். அன்று வேலையை முடித்துக்கொண்டு புறப்படும்போது, "ஐயா! இன்றைக்கு ராத்திரி எப்படி இருக்கும்? சாமானையெல்லாம் மேலே ஏற்றி வைக்கலாமா?" என்று கேட்டார்.

நாம் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "புயல் ஒன்றும் இல்லை, அம்மா! வெறும் மழைதான். பயப்படாமல் போங்கள்" என்றோம். அதோடு, வானிலை அறிக்கையைப் பற்றிய நமது பழைய ஹாஸ்யத்தையும் சொன்னோம். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

நாம் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. அன்று புயல் கிடையாது. பெயர் சூட்டப்பட்டது எதுவும் வங்கக் கடலில் இல்லை. ஆனால் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பித் திறந்து விடப்பட்டது. இரவோடிரவாக அடையாறு கரை புரண்டது. அந்த அம்மாளும் குழந்தைகளும் இடுப்பளவு ஜலத்தில் நடந்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்து மாடியில் ஏறி உயிர் பிழைத்தார்கள். தகரப் பெட்டி போய்விட்டது. பெட்டியில் இருந்தவை இரண்டு பட்டுப் புடவைகளும், மூத்த பையனின் பள்ளிக்கூடச் சான்றிதழ்களும். ஐந்தாறு நாள் கழித்து அவர் வந்தபோது நம்மை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீங்களும்தான் என்ன செய்வீர்கள், ஐயா?" என்றார். அதைக் காட்டிலும் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று நாம் கற்ற பாடம், பெயரில்லாத மழை பெயருள்ள புயலுக்குச் சற்றும் இளைத்ததல்ல என்பது. 2023 டிசம்பரில் இந்தப் பாடத்தைத் தென்பாண்டிச் சீமை மறுபடியும் படித்தது. மாதத் தொடக்கத்தில் "மிக்ஜாம்" புயல் சென்னையை வெள்ளக்காடாக்கிவிட்டு ஆந்திரக் கரைக்குப் போய்விட்டது. ஆபத்து நீங்கிற்று என்று இருந்தபோது, டிசம்பர் 17, 18 தேதிகளில், புயலே இல்லாமல், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அந்த ஜில்லாவில் வருஷம் முழுவதும் பெய்கிற மழைக்கும் அது அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் வண்டி நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு வெள்ளத்துக்கு நடுவே நின்றுவிட்டது.

"கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை" என்பது நமது தாயார் அடிக்கடி சொல்லும் பழமொழி. காயல்பட்டினத்தில் அந்த மழை பெய்த தினமோ மார்கழி முதல் தேதி! ரயிலையே வாரிக்கொண்டு போன தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வந்தது. கடலூரைச் சூறையாடிய "தானே" 2011 டிசம்பர் 30-ல் வந்தது. இரண்டும் மார்கழியில்தான். கர்ணனுக்குப் பிறகும் உலகத்தில் கொடையாளிகள் இருந்திருக்கிறார்கள் என்று நாம் சமாதானம் சொன்னதும், தாயார் முழங்காலைத் தடவிக்கொண்டு ஒருவாறு ஒப்புக்கொண்டார்.

வீட்டிலிருந்தபடியே வானிலையைக் கவனிக்க விரும்பும் நேயர்களுக்குச் சில உபாயங்கள் சொல்லுகிறோம். பைஸ் பாலட் என்ற டச்சுக்கார அறிஞர் 1857-ல் வெளியிட்ட விதி ஒன்று உண்டு. திறந்த வெளியில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இடக்கையை நீட்டினால், அந்தத் திக்கில், சற்று முன்புறமாகப் புயலின் மையம் இருக்கும். சென்னையில் வடக்கேயிருந்து காற்று வீசினால் மையம் கிழக்கே இருக்கிறது. பிறகு காற்று வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று வலமாகத் திரும்பினால் புயல் நமக்குத் தெற்கே கரையேறுகிறது; வடமேற்கு, மேற்கு என்று இடமாகத் திரும்பினால் வடக்கே போகிறது. இந்தப் பரீட்சையைக் காற்று மிதமாக இருக்கும்போதே செய்து முடித்துக்கொள்ள வேண்டும். சூறைக்காற்றில் மொட்டை மாடிக்குப் போய்க் கையை நீட்டுவதை நாம் சிபார்சு செய்யவில்லை.

அழுத்தமானி வைத்திருப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நமது தேசத்தில் அதன் முள் தினமும் காலை பத்து மணி சுமாருக்கும் இரவு பத்து மணி சுமாருக்கும் ஏறும். நாலு மணிகளில் இறங்கும். இது கடலின் ஏற்ற வற்றம் போன்றது. இதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. ஏற வேண்டிய வேளையிலும் முள் இறங்கிக்கொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும்.

மழையை அளப்பதற்கோ செலவே கிடையாது. பக்கங்கள் நேராக உள்ள ஒரு பாத்திரத்தைத் திறந்த இடத்தில் வைத்து, காலை எட்டரை மணிக்கு உயரத்தைப் பார்த்தால் போதும். அரசாங்கத்து மழை நாளும் காலை எட்டரை முதல் மறுநாள் எட்டரை வரையில்தான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் அது ஒரு லிட்டர். தாம்பரத்தில் பெய்த 49 சென்டிமீட்டர், ஆயிரம் சதுர அடி மாடியில் விழுந்தால் 45,000 லிட்டர் ஆகிறது. கோடையில் நாம் தவம் கிடக்கும் தண்ணீர் லாரிகளில் ஏறக்குறைய நாலு லாரிக்கு அது வரும். அவ்வளவையும் கடலுக்கு அனுப்பிவிட்டுச் சித்திரையில் லாரிக்காரரைத் தேடும் நமது சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். தமிழ்நாட்டுக்கு வருஷத்தில் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதத்தில்தான் கிடைக்கிறது. ஆகையால் இந்த மழையைச் சத்துருவாக நினைப்பது பெரும் பிசகு.

இன்னுமோர் எச்சரிக்கை: புயலின் நடுவே காற்று திடீரென்று அடங்கினால் வெளியே வரலாகாது. 2016 டிசம்பர் 12-ல் "வர்தா"ப் புயலின் கண் சென்னையின் மேலேயே சென்றது. பிற்பகலில் காற்று அடங்கிற்று. புயல் போய்விட்டது என்று பலர் வீதிக்கு வந்தார்கள். சற்று நேரத்துக்கெல்லாம் எதிர்த் திசையிலிருந்து காற்று கிளம்பிற்று. முதற்பாதியில் ஆட்டங்கண்டிருந்த மரங்கள் இரண்டாம் பாதியில் சாய்ந்தன.

வானத்தை அளக்கும் வேலை நமது பட்டணத்துக்குப் புதிதல்ல. 1792-ஆம் வருஷத்திலேயே கிழக்கிந்தியக் கும்பெனியார் நுங்கம்பாக்கத்தில் ஆராய்ச்சிக் கூடம் கட்டினார்கள். அதன் கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறது. இன்றைய வானிலை நிலையமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. 1864-ல் கல்கத்தாவைப் புயல் அழித்து, அடுத்த சில வருஷங்களில் பருவமழையும் தவறிய பிறகு, 1875-ல் இந்திய வானிலைத் துறை ஏற்பட்டது. ஆனால் வெகுகாலம் வரையில் கருவிகளுக்குச் சீமையைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருந்தது. இந்த அடிமைத்தனத்தை நீக்கியவர்களில் முக்கியமானவர் ஒரு பெண்மணி. பீருமேட்டில் 1918-ல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, ஸர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்த அன்னா மணிதான் அவர். சிறு வயதிலேயே கதர் கட்டத் தொடங்கிய அவர், 1948-ல் வானிலைத் துறையில் சேர்ந்து, ஏறக்குறைய நூறு கருவிகளுக்குச் சுதேசி வரைபடங்களைத் தயாரித்து, இங்கேயே செய்யும்படி ஏற்பாடு செய்தார். 2024 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய இன்ஸாட் 3டி.எஸ். என்ற நமது சொந்த விண்கலம் மேகங்களைப் படம் பிடித்து அனுப்புகிறது. ராட்டையின் பெருமையை அறிந்தவர்கள் இந்தக் கருவிகளின் பெருமையையும் அறிவார்கள்.

துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் பதினொன்று. ஒன்றும் இரண்டும், புயல் தூரத்தில் இருக்கிறது என்று தெரிவிக்கின்றன. எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை பேராபத்தைக் குறிக்கின்றன. பதினோராவது கூண்டின் பொருள், வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதாகும். வந்த சேதி எவ்வளவு கெட்டதாக இருந்தாலும் சேதியே வராத நிலை அதற்கும் மேற்பட்ட அபாயம் என்று பழைய மாலுமிகள் அறிந்திருந்தார்கள். ஆற்றங்கரைக் குடிசைகளில் இருப்பவர்களுக்குப் பல வருஷங்களில் பதினோராவது கூண்டுதான் ஏறியிருக்கிறது. அறிக்கை வந்தும், அதைப் படித்தவர்கள் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

இப்போதும் ஐப்பசி மாதத்தில் அந்த அம்மாள், "ஐயா, இன்றைக்கு ராத்திரி எப்படி?" என்று கேட்கிறார். நாம் ஹாஸ்யம் சொல்லுவதில்லை. அறிக்கையில் என்ன போட்டிருக்கிறது, ஏரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, இரண்டையும் படித்துச் சொல்லுகிறோம். அவர் புதிதாக வாங்கிய தகரப் பெட்டி, நகல் எடுத்த சான்றிதழ்களோடு, ஐப்பசி முதல் தேதியன்று நமது வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் அமர்ந்துவிடும். பொங்கல் கழித்துத்தான் திரும்பிப் போகும். புயல் வராத வருஷங்களிலும் அந்தப் பெட்டி தவறாமல் வந்துவிடுகிறது.